எளிய வாக்காளரின் அளவுகோல்: 1967 சென்னை மாநிலத் தேர்தல் பரப்புரை – ஒரு மறுபார்வை

ஆய்வுச் சுருக்கம்

1967ஆம் ஆண்டு பிப்ரவரியில் நடைபெற்ற சென்னை மாநிலச் சட்டமன்றத் தேர்தலில் இருபதாண்டுக் காலக் காங்கிரசு ஆட்சி முடிவுக்கு வந்தது. திராவிட முன்னேற்றக் கழகம் தனித்த பெரும்பான்மையுடன் ஆட்சி அமைத்தது. இவ்வெற்றிக்கு இந்தி எதிர்ப்பு, அரிசித் தட்டுப்பாடு, திரைப்படக் கவர்ச்சி ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்றை முதன்மைக் காரணமாகச் சுட்டுவது வழக்கம். தேர்தல் எண்களை 1962ஆம் ஆண்டு எண்களோடு ஒப்பிட்டு நோக்கும்போது இவ்விளக்கங்கள் தனித்தனியே போதாமை புலப்படுகிறது. பரப்புரை பேசிய பொருள் எளிய வாக்காளரின் அன்றாட அளவைகளில் பெயர்த்துரைக்கப்பட்டதும், அதனை உரைத்தோர் தேர்தலுக்கு முன்னரே அவ்வாக்காளரிடையே நெடுங்காலம் இருந்தவர்கள் என்பதும், கூட்டணி அவ்வாக்குகளைச் சிதறாமல் காத்ததும் ஒருங்கே அமைந்தமையே வெற்றிக்குக் காரணம் என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: தேர்தல் பரப்புரை, 1967 தேர்தல், திராவிட முன்னேற்றக் கழகம், எளிய வாக்காளர், மேடைத்தமிழ், கூட்டணி.

முன்னுரை

தேர்தலில் வென்ற கட்சியின் பரப்புரை சிறந்தது என்றும் தோற்ற கட்சியின் பரப்புரை குறையுடையது என்றும் முடிவிலிருந்து பின்னோக்கிக் கூறுவது எளிது. அவ்வாறு கூறும்போது வாக்காளர் பெரும்பாலும் செயப்படுபொருளாகவே நின்றுவிடுகிறார். அவர் உணர்ச்சிவயப்பட்டார், ஏமாந்தார், மயங்கினார் என்னும் பயனிலைகளே அவருக்கு வாய்க்கின்றன. 1967 தேர்தலைப் பற்றிய பொதுப்பேச்சில் இப்போக்கு மிகுதியாகக் காணப்படுகிறது. மாணவர் கொந்தளிப்பு, ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்னும் வாக்குறுதி, கழுத்தில் கட்டுடன் காட்சியளித்த நடிகரின் சுவரொட்டி என மூன்று படிமங்களுள் ஒன்றில் அத்தேர்தலின் வரலாறு அடக்கப்பட்டுவிடுகிறது.

ஆய்வுலகில் இத்தேர்தலும் அதற்குக் களமமைத்த இயக்கமும் பல கோணங்களில் ஆராயப்பட்டுள்ளன. ராபர்ட் ஹார்ட்கிரேவ் 1965இலேயே திராவிட இயக்கத்தின் வளர்ச்சியைப் பதிவு செய்தார். மார்கரெட் ராஸ் பார்னெட் 1976இல் வெளிவந்த தம் நூலில் பண்பாட்டுத் தேசியம் என்னும் கருத்தாக்கத்தின் வழி அதனை விளக்கினார். எம்.எஸ்.எஸ். பாண்டியன் எம்.ஜி.ஆரின் திரைப் படிமத்திற்கும் அரசியலுக்கும் உள்ள உறவை 1992இல் ஆராய்ந்தார். நரேந்திர சுப்பிரமணியன் 1999இல் இன அடையாளத்தையும் வெகுமக்கள் அணிதிரட்டலையும் இணைத்து நோக்கினார். பெர்னார்ட் பேட் மேடைப்பேச்சின் அழகியலைத் தனிப்பொருளாக எடுத்துக்கொண்டார். இவ்வாய்வுகளின் துணையோடு, பரப்புரை எளிய வாக்காளரைச் சென்றடைந்த வழிகளை மட்டும் இக்கட்டுரை நோக்குகிறது. இங்கு ‘எளிய வாக்காளர்’ என்பது கட்சி உறுப்பினராகவோ உள்ளூர்ச் செல்வாக்குடையவராகவோ இல்லாத, உழைப்பை நம்பி வாழும் வாக்காளரைக் குறிக்கும்.

எண்கள் உணர்த்துவன

1962 தேர்தலில் 206 இடங்களுள் காங்கிரசு 139 இடங்களையும் தி.மு.க. 50 இடங்களையும் பெற்றன. 1967இல் இடங்களின் எண்ணிக்கை 234 ஆக உயர்ந்தது. அவற்றுள் தி.மு.க. 137 இடங்களை வென்றது. காங்கிரசு 51 இடங்களோடு நின்றது. மக்களவைத் தேர்தலில் தி.மு.க. 25 இடங்களைப் பெற, காங்கிரசுக்கு 3 இடங்களே கிடைத்தன. இடங்களை மட்டும் நோக்கினால் காங்கிரசு மக்களால் முற்றாகக் கைவிடப்பட்டதாகத் தோன்றும்.

வாக்கு விழுக்காடு வேறொரு செய்தியைத் தருகிறது. 1962இல் காங்கிரசு பெற்றது 46.14 விழுக்காடு, 1967இல் பெற்றது 41.10 விழுக்காடு. தி.மு.க. 27.10 விழுக்காட்டிலிருந்து 40.69 விழுக்காட்டிற்கு உயர்ந்தது. ஆட்சியை இழந்த கட்சி ஆட்சியைப் பிடித்த கட்சியைவிடச் சற்றுக் கூடுதலான வாக்குகளைப் பெற்றிருந்தது. காங்கிரசு ஏறத்தாழ எல்லாத் தொகுதிகளிலும் போட்டியிட்டதையும், தி.மு.க. 174 தொகுதிகளில் மட்டுமே போட்டியிட்டதையும் இங்குக் கருத்தில் கொள்ள வேண்டும்.

வாக்குகளின் எண்ணிக்கை இன்னும் தெளிவு தருகிறது. காங்கிரசு 1962இல் ஏறத்தாழ 58 இலட்சம் வாக்குகளையும் 1967இல் ஏறத்தாழ 63 இலட்சம் வாக்குகளையும் பெற்றது. அதாவது, தோற்ற தேர்தலில் அக்கட்சிக்கு விழுந்த வாக்குகள், வென்ற தேர்தலில் விழுந்தவற்றைவிட மிகுதி. தி.மு.க.வின் வாக்குகளோ 34 இலட்சத்திலிருந்து 62 இலட்சமாகப் பெருகின. வாக்குப்பதிவு 1962இல் ஏறத்தாழ 70 விழுக்காடு. 1967இல் அது 76 விழுக்காட்டைத் தாண்டியது.

மொத்த எண்களைக் கொண்டு தனிமனிதர் எவரிடமிருந்து எவருக்கு மாறினார் எனத் துணிந்து கூறவியலாது. காங்கிரசிலிருந்து சிலர் விலகியிருப்பர். புதியோர் சிலர் அதில் சேர்ந்திருப்பர். எனினும், காங்கிரசின் அடித்தளம் சரிந்து மறுபக்கம் கொட்டியது என்னும் சித்திரத்தை இவ்வெண்கள் ஆதரிக்கவில்லை. முன்பு வாக்குச்சாவடிக்கு வராதோர், முதன்முறையாக வாக்குரிமை பெற்றோர், வேறு எதிர்க்கட்சிகளுக்கு வாக்களித்தோர் ஆகியோரிடையே தி.மு.க. பெற்ற ஆதரவே அதன் வளர்ச்சியில் பெரும்பங்கு வகித்தது எனக் கருத இடமுண்டு.

பரப்புரையின் நீண்ட காலம்

தேர்தல் பரப்புரை என்றதும் வேட்புமனுவுக்கும் வாக்குப்பதிவுக்கும் இடைப்பட்ட சில வாரங்களே நினைவுக்கு வரும். 1967 தேர்தலின் பரப்புரை அவ்வாறு தொடங்கியதன்று. 1949 செப்டம்பர் 17இல் சென்னை இராயபுரம் ராபின்சன் பூங்காவில் தி.மு.க. தொடங்கப்பட்டபோது அது தேர்தலில் போட்டியிடும் கட்சியாக இல்லை. 1956இல் திருச்சிராப்பள்ளியில் நடைபெற்ற மாநாட்டில், தேர்தலில் ஈடுபடுவதா வேண்டாவா என்னும் கேள்வி கூடியிருந்தோரின் வாக்கெடுப்புக்கே விடப்பட்டது. ஆட்சிமன்றத்திற்கு வாக்குக் கேட்கும் முன், கட்சி தன் தொண்டரிடமே வாக்குக் கேட்டது. 1957இல் 15 பேர் சட்டமன்றம் சென்றனர். 1959இல் சென்னை மாநகராட்சி கட்சியின் வசமாயிற்று. 1962இல் 50 உறுப்பினர்கள் கிடைத்தனர். 1967இன் வெற்றி இவ்வரிசையின் நான்காம் படி.

இவ்விடைக்காலத்தில் கட்சி கட்டியெழுப்பிய இடங்கள் குறிப்பிடத்தக்கவை. கிளைக்கழகங்களை ஒட்டிப் படிப்பகங்கள் தோன்றின. தேநீர்க் கடைகளிலும் முடிதிருத்தகங்களிலும் கட்சி ஏடுகள் கிடைத்தன. எழுத்தறிந்த ஒருவர் உரக்கப் படிக்க, எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் சூழ்ந்திருந்து கேட்டனர். ‘திராவிட நாடு’, ‘முரசொலி’, ‘நம் நாடு’, ‘மன்றம்’, ‘காஞ்சி’ முதலிய இதழ்கள் இவ்வாறு அச்சிட்ட படிகளின் எண்ணிக்கையைவிடப் பன்மடங்கு மக்களைச் சென்றடைந்தன. 1955 முதல் அண்ணாதுரை தம் இதழில் எழுதிவந்த தம்பிக்கான மடல்கள், தலைவர் தொண்டருக்கு இடும் ஆணையாக இராமல், அண்ணன் தம்பிக்கு எழுதும் கடிதமாக அமைந்தன. அரசியல் உறவைக் குடும்ப உறவின் சொல்லால் அழைத்தமை, கட்சிக்குள் நுழைய உயர்குடிப் பிறப்போ செல்வமோ தேவையில்லை என்பதைச் சொல்லாமற் சொல்லிற்று.

காங்கிரசும் அமைப்பற்ற கட்சியாக இருக்கவில்லை. ஆயினும் விடுதலைக்குப் பிந்தைய ஆண்டுகளில் ஊர்களில் அதன் வாக்குத் திரட்டல், நிலவுடைமையாளர், பேருந்து உரிமையாளர், ஆலை முதலாளிகள் முதலிய செல்வாக்குடையோர் வழியே பெரிதும் நிகழ்ந்தது. 1962இல் காஞ்சிபுரத்தில் அண்ணாதுரையைத் தோற்கடித்த வேட்பாளர் பேருந்து நிறுவன உரிமையாளர் என்பது நினைவுகூரத்தக்கது. அம்முறை நெடுநாள் பயன்பட்டது. ஒரு பெரியவரைத் தன்பால் இருத்தினால் ஓர் ஊரின் வாக்குகள் வந்தன. ஆனால், அவ்வூரின் எளியோர் தாமே கூடிப் பேசும் இடங்களைப் பெற்றுவிட்டபோது, பெரியவரின் வாக்கு அவருடைய ஒரு வாக்காகக் குறையத் தொடங்கியது.

படி என்னும் அளவு

1965, 1966ஆம் ஆண்டுகளில் இந்தியாவின் பல பகுதிகளில் மழை பொய்த்தது. உணவுத் தானியத்திற்கு அயல்நாட்டு இறக்குமதியை நம்ப வேண்டியிருந்தது. 1966 சூனில் ரூபாயின் மதிப்பு குறைக்கப்பட்டது. சென்னை மாநிலத்தில் அரிசி விலை ஏறியது. பங்கீட்டுக் கடைகளின் முன் மக்கள் வரிசையில் நின்றனர். இச்சூழலில் ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்னும் வாக்குறுதி எழுந்தது. மூன்று படி இலட்சியம், ஒரு படி நிச்சயம் என்னும் வடிவமும் வழங்கிற்று.

இவ்வாக்குறுதியை வெறும் மலிவு ஆசையாகக் கொள்வோர் அதன் சொல்லமைப்பைக் கவனிப்பதில்லை. 1956ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி மெட்ரிக் அளவைகள் படிப்படியாக நடைமுறைக்கு வந்து, அரசின் மொழியில் கிலோ நிலைபெற்றுக்கொண்டிருந்த காலம் அது. வீட்டின் மொழியில் படி இன்னும் உயிரோடிருந்தது. உலை வைக்கும் பெண்ணுக்கு எத்தனை பேருக்கு எவ்வளவு என்பது படிக்கணக்கிலேயே தெரியும். கூலியாக நெல் அளந்து வாங்கிய வேளாண் தொழிலாளிக்கும் முகத்தலளவையே பழக்கம். ஒரு ரூபாய் என்பதும் கையில் வைத்து உணரத்தக்க தொகை. உணவுக் கொள்கை, கொள்முதல், மானியம் என்னும் சொற்களில் அடங்கியிருந்த ஒரு பொருளாதாரச் சிக்கல், ஒரு காசும் ஒரு பாத்திரமுமாகப் பெயர்க்கப்பட்டது. கேட்டவர் அதனைத் தம் அடுக்களையில் நின்று சரிபார்க்க முடிந்தது. பின்னாளில் நிறைவேறவில்லை எனக் கண்டிக்கவும் அதே அளவு பயன்பட்டது. தன்னை அளக்கும் கருவியையும் வாக்காளரின் கையில் கொடுத்துவிடுவது இவ்வகை வாக்குறுதியின் இயல்பு.

ஆட்சிக்கு வந்தபின் 1967இல் ரூபாய்க்கு ஒரு படி அரிசித் திட்டம் சென்னையிலும் கோவையிலும் தொடங்கப்பட்டது. அதனை மாநிலம் முழுமைக்கும் விரிக்க நிதிநிலை இடம் தரவில்லை. இதனைப் பரப்புரையின் பொய்ம்மைக்குச் சான்றாகக் காட்டுவோர் உளர். அக்கண்டனத்தில் உண்மை இல்லாமலில்லை. மூன்று படிக்கும் ஒரு படிக்கும் இடைப்பட்ட தொலைவை வென்ற கட்சி விளக்கியே ஆக வேண்டியிருந்தது. எனினும், தமிழக அரசியலில் அரிசி விலை ஆட்சியின் பொறுப்பு என்னும் எண்ணம் அத்தேர்தலோடு நிலைபெற்றது. அதன்பின் வந்த எந்த ஆட்சியும் பங்கீட்டு அரிசியைப் புறக்கணிக்க இயலவில்லை. பரப்புரையின் விளைவைத் தேர்தல் முடிவோடு நிறுத்திக் கணக்கிடலாகாது என்பதற்கு இது சான்று.

மேடைத்தமிழும் சுவர்த்தமிழும்

எளிய மக்களைக் கவர எளிய மொழி வேண்டும் என்பது பொதுவான நம்பிக்கை. திராவிட இயக்க மேடை இந்நம்பிக்கையோடு முரண்படுகிறது. அடுக்குமொழியும் எதுகை மோனையும் சங்க இலக்கிய மேற்கோளும் நிறைந்த செந்தமிழிலேயே அதன் பேச்சாளர்கள் உரையாற்றினர். பள்ளிக்குச் செல்லாத உழவரும் நெசவாளரும் நள்ளிரவு வரை அமர்ந்து அதனைக் கேட்டனர். தமிழ் அரசியல் மேடையில் இலக்கியத் தமிழ் இடம்பெற்ற வரலாற்றையும் அதன் அழகியலையும் பேட் விரிவாக ஆராய்ந்துள்ளார். இங்கு வலியுறுத்தத்தக்கது கேட்போர் அடைந்த மதிப்பாகும். அதுவரை புலவரின் உடைமையாகக் கருதப்பட்ட மொழி, தெருமுனையில் தம்மை விளித்துப் பேசப்பட்டதை அவர்கள் உணர்ந்தனர். ஒவ்வொரு சொல்லும் விளங்காதிருந்திருக்கலாம். அச்சொற்கள் தமக்காகவே அடுக்கப்பட்டன என்பது விளங்கிற்று.

இம்மேடைத்தமிழுக்கு இணையாக வேறொரு தமிழ் சுவரிலும் ஊர்வலத்திலும் வழங்கியது. ‘பக்தவத்சலம் அண்ணாச்சி, அரிசி விலை என்னாச்சு?’ என்னும் முழக்கம் அதற்கு நல்ல எடுத்துக்காட்டு. இதனைக் கூர்ந்து நோக்கினால் மூன்று கூறுகள் புலனாகின்றன. முதலாவது, அண்ணாச்சி என்னும் விளி. தென்மாவட்டங்களில் மூத்தவரையும் கடைக்காரரையும் அழைக்கும் மரியாதைச் சொல் அது. முதலமைச்சரைக் கடைக்காரரின் இடத்தில் நிறுத்தி விலை கேட்கும் உரிமையை அது வாங்குபவருக்குத் தந்தது. இரண்டாவது, கேள்வி வடிவம். குற்றச்சாட்டாகக் கூறியிருந்தால் அதற்குச் சான்று தேவைப்பட்டிருக்கும். கேள்வியாக அமைந்தமையால் விடையைக் கேட்பவரே அன்று காலை தாம் வாங்கிய அரிசியிலிருந்து நிரப்பிக்கொண்டார். மூன்றாவது, அண்ணாச்சி – என்னாச்சு என்னும் இயைபு. எழுத்தறியாத சிறுவரும் ஒருமுறை கேட்டாலே திருப்பிச் சொல்லத்தக்க அமைப்பு அது.

மேடைத்தமிழ் வாக்காளரை உயர்த்திப் பேசியது. சுவர்த்தமிழ் ஆட்சியாளரை வாக்காளருக்கு அருகில் இறக்கி வைத்தது. இவ்விரண்டும் ஒரே பரப்புரையின் இரு கைகளாக இயங்கின. ஒன்று மட்டும் இருந்திருப்பின் முன்னது அவையோர் வியப்போடும் பின்னது தெருக் கிண்டலோடும் முடிந்திருக்கக்கூடும்.

வாக்கில்லாப் பரப்புரையாளர்

1965 சனவரி 26 முதல் இந்தி மட்டுமே ஒன்றியத்தின் ஆட்சிமொழியாகும் நிலை நெருங்கியபோது, மாநிலம் முழுவதும் மாணவர் கிளர்ச்சி வெடித்தது. சனவரி 25இல் மதுரையில் தொடங்கிய மோதல் பிற ஊர்களுக்கும் பரவியது. துப்பாக்கிச் சூட்டிலும் தீக்குளிப்பிலும் பலர் உயிரிழந்தனர். நடுவண் அமைச்சர்களான சி. சுப்பிரமணியமும் ஓ.வி. அளகேசனும் பதவி விலகல் கடிதம் அளித்தனர். பிப்ரவரி 11இல் தலைமையமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி வானொலி வழியே உறுதிமொழி வழங்கியபின் கிளர்ச்சி மெல்லத் தணிந்தது.

கிளர்ச்சிக்கும் தேர்தலுக்கும் இடையே இரண்டாண்டுகள் கழிந்தன என்பதும், அக்காலத்தில் வாக்குரிமை வயது 21 என்பதும் இவ்விடத்தில் நோக்கத்தக்கவை. 1965இல் பதினேழு, பதினெட்டு வயதினராய்த் தெருவில் இறங்கிய மாணவர் 1967இல் வாக்களிக்க இயலாதவர்கள். எனவே, மாணவர் சினமே வாக்காக மாறியது என்னும் நேரடி விளக்கம் பொருந்தாது. அவர்கள் வாக்காளராக அன்றிப் பரப்புரையாளராகவே இத்தேர்தலில் பங்காற்றினர். கல்லூரி விடுதிகளிலிருந்து சொந்த ஊருக்குச் சென்று தாய் தந்தையரிடமும் உறவினரிடமும் பேசினர். குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரியில் காலெடுத்து வைத்த மகனின் சொல்லுக்கு அவ்வீட்டில் தனி மதிப்பிருந்தது. மொழிச் சிக்கல் வேலைவாய்ப்புச் சிக்கலாகவும் விளங்கியமையால், மகனின் எதிர்காலத்தைப் பற்றிய பெற்றோரின் கவலையோடு அது எளிதில் இணைந்தது.

இங்கு ஒரு முரண்நகை உண்டு. காமராசர் முதலமைச்சராக இருந்த 1954 முதல் 1963 வரையிலான ஆண்டுகளில் பள்ளிகள் பெருகின. மதிய உணவுத் திட்டம் விரிவடைந்தது. அக்கல்வியால் மேலெழுந்த தலைமுறையினரே அவருடைய கட்சியை எதிர்த்து வீடு வீடாகச் சென்றனர். விருதுநகரில் காமராசரைத் தோற்கடித்த பெ. சீனிவாசன் மாணவர் கிளர்ச்சியின் வழி அறியப்பட்ட இளைஞர். வாக்கு வேறுபாடு 1,285. இதனை நன்றிகேடு என வருந்துவோரும் உண்டு. செய்த பணிக்குக் கைம்மாறாக வாக்கு வரும் என்னும் எதிர்பார்ப்பே ஆய்வுக்குரியது. பள்ளி கிடைத்தவருக்கு அடுத்து வேலை தேவைப்படுகிறது. நிறைவேறிய கோரிக்கை அடுத்த கோரிக்கைக்கு வழிவிடுகிறது. ஆளுங்கட்சியின் பரப்புரை செய்தவற்றை எண்ணிக் காட்டியது. எதிர்க்கட்சியின் பரப்புரை அடுத்து வேண்டியதைக் கேட்டது.

திரைப்படத்தின் பங்கும் எல்லையும்

1967 சனவரி 12இல் எம்.ஜி.ஆர். சுடப்பட்டார். மருத்துவமனையில் இருந்தபடியே பரங்கிமலைத் தொகுதியில் வெற்றி பெற்றார். கழுத்தில் கட்டுடன் அவர் காணப்பட்ட படம் சுவரொட்டியாக மாநிலமெங்கும் ஒட்டப்பட்டது. இந்நிகழ்வு எழுப்பிய இரக்கத்தை மறுக்கவியலாது. திரைப்படம் கட்சியின் கருத்துகளைக் கொண்டுசென்ற முதன்மை ஊடகங்களுள் ஒன்று என்பதும் ‘வேலைக்காரி’, ‘பராசக்தி’ காலந்தொட்டு அறியப்பட்ட உண்மை.

ஆயினும், ஒரு மாதத்து இரக்கத்தால் பத்தாண்டு வளர்ச்சியை விளக்கவியலாது. துப்பாக்கிச் சூட்டிற்குச் சில நாள்களுக்கு முன், 1966 இறுதியில் விருகம்பாக்கத்தில் கூடிய மாநாட்டில், தேர்தல் நிதியாகப் பத்து இலட்சம் ரூபாய் இலக்கு வைக்கப்பட்டிருக்க, மு. கருணாநிதி பதினொரு இலட்சம் திரட்டி அளித்தார் என்பது பரவலாக அறியப்பட்ட செய்தி. ஊர் ஊராகத் திரட்டப்பட்ட நிதியில் தம் பங்கைக் கொடுத்தவர் அத்தேர்தலில் பங்குதாரராகவும் ஆகிவிடுகிறார். திரையரங்கில் நுழைவுச்சீட்டு வாங்கியவருக்கும் கட்சி நிதிக்குக் காசு கொடுத்தவருக்கும் உள்ள வேறுபாட்டை, கவர்ச்சியை மட்டும் நோக்கும் விளக்கம் தவறவிடுகிறது.

கூட்டணியும் கூட்டலும்

1962இல் எதிர்க்கட்சிகள் பிரிந்து நின்றன. தி.மு.க. 27.1, சுதந்திராக் கட்சி 7.8, பொதுவுடைமைக் கட்சி 7.7 விழுக்காடு வாக்குகளைப் பெற்றன. மூன்றையும் கூட்டினால் 42.6 விழுக்காடு. 1967இல் தி.மு.க., சுதந்திராக் கட்சி, மார்க்சியப் பொதுவுடைமைக் கட்சி, முஸ்லிம் லீக் முதலியன ஓரணியில் நின்றன. முதல் மூன்று கட்சிகளின் வாக்குகள் மட்டுமே 50 விழுக்காட்டை எட்டின. கூட்டணி வெறும் கூட்டலாக இருந்திருப்பின் இவ்வளவு கிட்டியிராது. ஏழு விழுக்காட்டிற்கு மேற்பட்ட இவ்வேறுபாட்டில்தான் இதுவரை கண்ட பரப்புரையின் பங்கைத் தேட வேண்டும்.

கூட்டலும் தானாக நிகழ்வதன்று. 1937–40 இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் இராசாசி எதிர்த்தரப்பின் தலைவர். 1953ஆம் ஆண்டு அவருடைய தொடக்கக் கல்வித் திட்டத்தைக் குலக்கல்வி எனக் கண்டித்தவர்கள் திராவிட இயக்கத்தினர். அவரும் அண்ணாதுரையும் ஒரே மேடையில் தோன்றியதை வாக்காளர் ஏற்கும்படி செய்தது, இந்தித் திணிப்பு எதிர்ப்பும் விலையேற்றமும் என்னும் பொதுப்பொருள். மறுபுறம், திராவிட இயக்கத்தின் மூலவரான பெரியார் காமராசரை ஆதரித்துக் காங்கிரசுக்கு வாக்குக் கேட்டார். கொள்கைப் பரம்பரையை மட்டும் நோக்கி வாக்களிப்பவருக்கு இக்காட்சி குழப்பத்தையே தந்திருக்கும். பெரும்பாலோர் குழம்பவில்லை என்பது, அவர்கள் தலைவரின் மரபுரிமையைவிடத் தம் முன்னிருந்த சிக்கலை அளவுகோலாகக் கொண்டனர் என்பதைக் காட்டுகிறது.

1967இல் காங்கிரசு எதிர்ப்பலை நாடெங்கும் வீசியது என்றும், சென்னை மாநில முடிவு அதன் ஒரு பகுதியே என்றும் வாதிடலாம். அலை உண்மையே. எனினும், காங்கிரசு பெரும்பான்மை இழந்த பிற மாநிலங்களில் பல கட்சிகள் சேர்ந்த கூட்டரசுகளே உருவாயின. தனித்த ஓர் எதிர்க்கட்சி முழுப்பெரும்பான்மை பெற்றது இங்கு மட்டுமே. அலை பொதுவானது; அதனைத் தேக்கிக்கொள்ளும் ஏரியும் வாய்க்காலும் இங்கு முன்னரே வெட்டப்பட்டிருந்தன.

வரம்புகள்

இப்பரப்புரையை மாசற்ற மக்களாட்சி முயற்சியாகக் காண்பதும் பிழையாகும். வேட்பாளர் தேர்வில் தொகுதியின் பெரும்பான்மைச் சாதி கருதப்படும் வழக்கத்திலிருந்து தி.மு.க. விலகி நிற்கவில்லை. 1968 திசம்பரில் கீழ்வெண்மணியில் வேளாண் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டபோது, எளியோரின் பெயரால் அமைந்த ஆட்சியின் எல்லைகளும் வெளிப்பட்டன. ‘எளிய வாக்காளர்’ என்னும் ஒற்றைச் சொல்லுக்குள் நிலமுடைய சிறு உழவரும் நிலமற்ற கூலியாளரும் ஒருங்கே அடங்கியிருந்தனர். தேர்தல் வரை அவர்களை இணைத்த அரிசியும் மொழியும், கூலி என்னும் கேள்வி எழுந்தபோது இணைக்கப் போதவில்லை.

நிறைவுரை

1967 தேர்தலின் எண்கள், காங்கிரசு தன் வாக்காளர் பெரும்பாலோரைத் தக்கவைத்துக்கொண்டே ஆட்சியை இழந்தது என்பதைக் காட்டுகின்றன. தி.மு.க.வின் வெற்றி, புதிதாக வாக்குச்சாவடிக்கு வந்தோரையும் சிதறிக் கிடந்தோரையும் ஒன்றுசேர்த்ததில் அமைந்தது. இதற்கு மூன்று கூறுகள் துணைநின்றன. பெரிய சிக்கல்கள் படியும் ரூபாயுமாக, வாக்காளர் தாமே சரிபார்க்கத்தக்க அளவில் கூறப்பட்டன. அவற்றைக் கூறியோர் படிப்பகத்திலும் தேநீர்க் கடையிலும் சொந்த வீட்டிலும் முன்பே அறிமுகமானவர்கள். கூட்டணி, எழுந்த வாக்குகள் வீணாகாமல் இடங்களாக மாற வழிசெய்தது. இவற்றுள் முதலாவதைப் பின்வந்த கட்சிகள் அனைத்தும் விரைவில் கற்றுக்கொண்டன; மூன்றாவதைக் கணக்கிட்டுப் பழகிவிட்டன. இரண்டாவதற்கு மட்டும் பதினெட்டு ஆண்டுகள் தேவைப்பட்டன. அதனைச் சில வாரங்களில் விலைக்கு வாங்க முயலும் பரப்புரைகளின் வரலாறு தனித்த ஆய்வுக்குரியது.